பத்தொன்பது நாள் ஓடிய லேப்டாப்

போன மாதம் தச்சநல்லூரில் ஒரு தம்பியின் கடைக்குச் சும்மா போய் உட்கார்ந்திருந்தேன். கடை திறந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மேசையில் ஒரு லேப்டாப் பிரித்துக் கிடந்தது. விளக்கு எரிகிறது, உள்ளே மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கிராபிக்ஸ் சிப் போன கேஸ் என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. தம்பி சூட்டுக்காற்றுத் துப்பாக்கியை எடுத்து அந்தச் சிப்பின் தலையில் பிடித்தார். சில நிமிடத்தில் படம் வந்துவிட்டது. உடனே வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, மெஷின் ரெடி, வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார். எனக்கு ஏறிய எரிச்சலில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்ற யோசனைதான் வாயை அடைத்தது. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூடு காட்டினால் செத்த சிப் எழுந்துகொள்ளும். ஒரு வாரம் ஓடும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு மாதம் ஓடும். பிறகு படுத்துவிடும். இது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், காசு கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியாது. அவர் திரும்பி வந்து நிற்கும்போது கரண்டு ஏற்ற இறக்கமாக இருந்திருக்கும், மெத்தையில் வைத்து ஓட்டியிருப்பீர்கள் என்று பழியை அவர் தலையிலேயே கட்டி அனுப்பவும் நமக்குத் தெரியும். இதற்கு ரிப்பேர் என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம். வெட்கமாக இல்லையா என்று கேட்கிறேன். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எனக்கும் தச்சநல்லூரில்தான் கடை இருந்தது. கண்ணும் கழுத்தும் ஒத்துழைக்காமல் போகவே இரண்டு வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டேன். கூட வேலை பார்த்தவர் சுடலை, என் வயதுக்காரர். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தோம். கடையை விடுவதற்குச் சில மாதம் முன்புதான் எஸ்தர் டீச்சர் வந்தார்.

டீச்சருக்குப் பாளையங்கோட்டை. முக்கூடல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்கிறார். பிறவியிலேயே பார்வை கிடையாது. தினமும் தனியாகப் பஸ் ஏறிப் போய்வருகிறவர். லேப்டாப்பில் ஒரு மென்பொருள் இருக்கிறது, திரையில் உள்ளதையெல்லாம் வாசித்துச் சொல்லும். பாடக் குறிப்புகள் முழுவதையும் ஆறு வருடமாக அவரே தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். வகுப்பில் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அது சொல்வதைக் கேட்டபடியே பாடம் நடத்துவார். செல்போனிலும் அப்படிச் செய்யலாம்தான், ஆனால் அந்தப் பள்ளியில் வகுப்புக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஆக, லேப்டாப் பேசினால் வகுப்பு, பேசாவிட்டால் இல்லை.

அன்றைக்கு லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு, கூடவே ஒரு பில்லையும் நீட்டினார். ஒரு மாதத்துக்கு முன்னால் வேறொரு கடையில் பழுது பார்த்ததாம். திரை போய்விட்டது என்று சொல்லிப் புதுத் திரை போட்டுக் கொடுத்தார்களாம். இப்போது மறுபடி அதே மாதிரி, சுவிட்சைப் போட்டால் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்கிறது, பேச்சு வரவில்லை என்றார்.

பிரித்துப் பார்த்தேன். புதுத் திரை என்று பில் போட்ட இடத்தில் பழைய திரைதான் இருந்தது. அதன் ஓரத்தில் ஆறு வருடத் தூசி அப்படியே படிந்திருந்தது, ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடவில்லை. திரையின் பின்பக்க ஸ்டிக்கரில் லேப்டாப் வாங்கிய அதே வருடம். கிராபிக்ஸ் சிப்பைச் சுற்றி மட்டும், சூடு காட்டும்போது தடவுகிற பசை காய்ந்த கறை. நடந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அந்தக் கடைக்காரன் சிப்புக்குச் சூடு காட்டிவிட்டு, திரை மாற்றியதாகப் பில் போட்டிருக்கிறான். பார்த்துக் கேள்வி கேட்க முடியாத ஒருவரிடம், பார்க்கிற பொருளை விற்றதாகக் கணக்கு எழுதியிருக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. டீச்சரிடம் அப்படியே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன், கடைக்கு வெளியே போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

டீச்சர் பில்லைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தச் சண்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதைச் சரி பண்ணுங்கள் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"படம் வராட்டாலும் பரவால்ல அண்ணாச்சி. அது பேசணும். எனக்கு அது போதும்."

நான் சிரித்துக்கொண்டே, படமே வராமல் பேச்சு எங்கிருந்து டீச்சர் வரும் என்றேன். அந்த வாக்கியத்தை அப்போது நான் காதிலேயே வாங்கவில்லை. நம் தொழிலில் திரையில் படம் வந்தால் மெஷின் பிழைத்தது, வராவிட்டால் செத்தது. வேறு அளவுகோல் நமக்குத் தெரியாது. எத்தனை ஆயிரம் மெஷினைத் திருப்பிக் கொடுத்திருப்பேன், ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்று எத்தனையில் பார்த்திருப்பேன் என்று கேட்டால் தலையைக் குனிய வேண்டியதுதான்.

சரி, நான் என்ன செய்தேன்? சூடு காட்டினேன். ஆமாம், நானேதான். அந்தக் கறையைக் கண்ணால் பார்த்த பிறகு, இன்னொருவன் காட்டிய சூடு ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்று தெரிந்த பிறகு, நானும் அதையேதான் செய்தேன். புதுச் சிப் வெளியூரிலிருந்து வர வேண்டும், நாள் ஆகும், டீச்சருக்கோ அவசரம். இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மைக் காரணம் கர்வம். அவன் கைக்குத்தான் நிற்கவில்லை, என் கைக்கு நிற்கும் என்று நினைத்தேன். படம் வந்தது. என்ன செய்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். சின்னப் பார்ட் ஒன்று போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்றேன். எந்தப் பார்ட் என்று கேட்டார். சொன்னால் உங்களுக்குப் புரியாது டீச்சர் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சரை ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு நேரே அந்த இன்னொரு கடைக்குப் போனேன். உன் வீட்டில் ஒருவருக்குக் கண் தெரியாவிட்டால் இப்படித்தான் செய்வாயா என்று கேட்டேன். அவன் திரைக்கான காசைத் தருவதாகச் சொல்லிவிட்டு, பில்லைக் கொண்டுவா என்று இழுத்தடித்தான். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அடுத்த சில நாள் டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கண்டவரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நான் பெரிய நியாயவாதி என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டதும் டீச்சர் நேரே என் கடைக்கு வந்து நின்றார். லேப்டாப் மத்தியானமே பேச்சை நிறுத்திவிட்டதாம். பள்ளியில் அவருக்கு எதிராக என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பள்ளியின் தாளாளருக்குப் பிளஸ் டூ வகுப்பை டீச்சரிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகள், கண் தெரியாதவரை நம்பி விட முடியுமா என்று பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் முன்னாலேயே பேசியிருக்கிறார். போன வருடம் டீச்சர் பாடத்தில் ஒரு பிள்ளைகூடத் தோற்கவில்லை, அதைப் பற்றித் தாளாளர் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு நீதிக்கதை சொல்லிக் கொடுங்கள், உங்களுக்கும் சிரமம் இல்லை என்றாராம். சிரமம் இல்லையாம். ஒரு மனுஷியின் வேலையைப் பிடுங்கிக்கொண்டு அதை உதவி என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். டீச்சர் விடவில்லை, மேலே கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். திங்கட்கிழமை ஆய்வு அதிகாரி ஒருவர் வந்து அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதாக முடிவாகியிருந்தது. டீச்சர் தனியாக, யார் உதவியும் இல்லாமல், அந்த ஒரு பீரியடை நடத்திக் காட்ட வேண்டும். நடத்த முடியாவிட்டால் வகுப்பு போய்விடும்.

கடையில் இருந்த வேறொரு லேப்டாப்பில் அவருடைய குறிப்புகளை ஏற்றிக் கொடுக்கிறேன் என்றேன். அப்படியே செய்தும் பார்த்தோம். ஆனால் அவர் பழகியிருந்த தமிழ்க் குரல் அவருடைய மெஷினுக்கு மட்டும் வாங்கியது, இதில் வராது. இலவசமாகக் கிடைத்த குரல் ஒன்றைப் போட்டேன். ஒரு பக்கம் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றிவிட்டார். இதைப் புரிந்துகொண்டு கூடவே பேசுவதற்குப் பழகப் பல வாரம் ஆகும், திங்கட்கிழமைக்கு ஆகாது என்றார்.

சுடலை என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனார்.

"ஏன்வே இப்படிக் கிடந்து முழிக்கீரு? இன்னொரு தடவ பைய சூடு காட்டிக் குடும். திங்கக்கிழமை தாண்டிரும்லா. பெறகு புதுச் சிப்பு வரவழைச்சுப் போடுவோம்."

தாண்டலாம். தாண்டாமலும் போகலாம். வகுப்பு நடுவில், அதிகாரி எதிரில், ஒரு வாக்கியத்தின் பாதியில் அந்தக் குரல் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். டீச்சர் அங்கே நின்றுகொண்டு வாயைத் திறக்க முடியாமல் தவிப்பார், தாளாளர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

இன்னொரு வழி இருந்தது. அந்த மாடலில் படம் காட்ட இரண்டு ஏற்பாடு உண்டு. தனிக் கிராபிக்ஸ் சிப் ஒன்று, புராசஸருக்குள்ளேயே சாதாரணமாக ஒன்று. செத்துப்போன சிப் கரண்டை இழுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எழவிடாமல் செய்துகொண்டிருந்தது. அதற்குப் போகிற கரண்டை அடியோடு வெட்டிவிட்டால் மீதி போர்டு தானாக எழலாம். அந்த வேலையை அதற்கு முன் இரண்டு போர்டில் செய்திருக்கிறேன். ஒன்று பிழைத்தது, இன்னொன்று என் கையிலேயே போனது. போனால் டீச்சரின் குரலும் அதோடு போகும்.

இரண்டில் எது என்று நான் முடிவு செய்வதா? வழக்கமாக நான்தான் செய்வேன். அன்றைக்கு முடியவில்லை. உள்ளே போய் டீச்சர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பார்ட் எதையும் மாற்றவில்லை, சூடுதான் காட்டினேன், அது நிற்காது என்று எனக்கு அப்போதே தெரியும் என்றேன். இப்போது இருக்கிற இரண்டு வழிகளையும், இரண்டிலும் உள்ள ஆபத்தையும் சொன்னேன். சுடலை தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சர் முகம் மாறவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னைக்கே இத ஏன் சொல்லல?"

சொன்னால் புரியாது என்று நினைத்தேன் என்றேன்.

"சூட்டுல எந்திரிக்கும், பெறகு செத்துரும். இதுல புரியாததுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு?"

பிறகு அவரே, வெட்டினால் என்ன குறையும் என்று கேட்டார். விளையாட்டு, வீடியோ வேலை எதுவும் ஓடாது, படம் முன்பு போல் பளிச்சென்று இருக்காது என்றேன். டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது. இரண்டு கடைக்காரர்கள், ஒரு பெரிய சண்டை, எல்லாமே ஒரு படத்துக்காக. அந்தப் படம் அவருக்கு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருந்தால், அவசரம் எதுவும் இல்லாமல் இந்த வேலையை அப்போதே செய்து முடித்திருப்பேன்.

"வெட்டிருங்க," என்றார்.

வேலையைப் பற்றி விவரமாக எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சிப்புக்குக் கரண்டு கொண்டுபோகிற காயில் என்ற சின்னக் கம்பிச்சுருளை எடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதைத் தொடாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சுடலை விளக்கைப் பிடித்துக்கொண்டார். அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர், நான் கையை வைத்ததும் விளக்கை இம்மிகூட அசைக்கவில்லை. டீச்சர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எடுத்து முடித்து, மூடிப் பாதி திருகாணி போட்டு, சுவிட்சைப் போட்டேன். பழக்கம் என்பதால் டீச்சர் இயர்போனைச் சொருகிக் காதில் மாட்டிக்கொண்டார்.

விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. நானும் சுடலையும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், அப்போதும் கறுப்புத்தான். சுடலை விளக்கைக் கீழே வைத்துவிட்டார். என் கையில் இரண்டாவது போர்டும் போய்விட்டது என்று நினைத்தேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிச் சுவரில் எறியலாம் போல இருந்தது. டீச்சர் பக்கம் திரும்பி, மன்னிச்சிருங்க டீச்சர், மெஷின் போயிட்டு என்றேன்.

"போகல அண்ணாச்சி. பேசுதே."

இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். ஒரு பெண் குரல் அவசரமாகத் தேதியையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் போர்டை எடுக்கக் கழற்றிய, திரைக்குப் போகிற கேபிளைப் பதற்றத்தில் திரும்பச் சொருகாமலே மூடியிருக்கிறேன். நல்ல மெஷினைச் செத்தது என்று சொல்லிக் கழற்றிப் போட இருந்தேன். கண் இருக்கிற இரண்டு பேருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. கேபிளைச் சொருகவா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் பார்ப்பதற்கு ஆகும், சொருகுங்கள் என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேப்டாப்பைக் கடையிலேயே நிறுத்தாமல் ஓடவிட்டேன். டீச்சர் கேட்டுக்கொண்டதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வந்து எடுத்துப் போகும்வரை ஒருமுறைகூட நிற்கவில்லை. இந்த முறை பில்லில் என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று எழுதி, அவருக்கு வாசித்தும் காட்டினேன். இனி எந்தக் கடைக்குப் போனாலும் அவர் சொல்வதற்கு ஆகும்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவரே போன் செய்தார். அதிகாரி கடைசி பெஞ்சில் பீரியட் முடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். பிள்ளைகளிடமும் நாலு கேள்வி கேட்டாராம். போகும்போது தாளாளரிடம், வகுப்பை மாற்ற ஒரு காரணமும் இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். டீச்சர் பெரிதாகச் சந்தோஷப்பட்டுக் குதிக்கவில்லை. தன்னுடையது தன்னிடம் இருக்கிறது, இதற்குப் போய் இத்தனை பாடா என்ற கோபம்தான் அந்தக் குரலில் இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வருகிற வாரம் எங்கள் ரிப்பேர் கடைக்காரர்கள் சங்கக் கூட்டம், அந்தத் திரைக்காரனை நான் விடப்போவதில்லை, எழுந்து நின்று அவன் உங்களுக்குச் செய்ததை எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தேன். டீச்சர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"பேசுங்க அண்ணாச்சி, கண்டிப்பாப் பேசணும். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு அவரு ஏமாத்துனாரு. எனக்கு உங்க வேலை தெரியாதுன்னு நீங்க ஏமாத்துனீங்க. ரெண்டையும் சேத்தே பேசுங்க."

கூட்டத்தில் எழுந்து பேசினேன். அவனைப் பற்றி மட்டும் பேசினேன். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். நானும் அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மற்றதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.